ஏழாம் இருக்கைக்கு வந்த தட்டு

பேருந்து நிலையத்தில் அவரை எல்லாரும் விசில் என்றுதான் சொல்வார்கள். நேரக்காப்பாளர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று குறிப்பதும், நேரம் வந்ததும் விசில் ஊதிக் கிளப்பிவிடுவதும் அவர் பொறுப்பு. ஓட்டுநர் தேநீரும் கையுமாக நின்றாலும் சரி, நடத்துநர் கழிப்பறையில் இருந்தாலும் சரி, மணி ஆனால் விசில் பறக்கும். மூன்று நிமிடத்துக்கு மேல் தாமதமானால் காரணம் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் மேலே அனுப்பிய புகார்த் தாள்களைச் சேர்த்தால் ஒரு பீரோ நிறையும் என்று ஓட்டுநர்கள் அவர் காதுபடவே சொல்வார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவருக்கும் மனைவிக்கும் திருமணமாகி இருபத்தைந்து வருடம் நிறைந்த வாரத்தில், புதிதாக வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த மகள் கைபேசியை அவர்கள் முன் நீட்டினாள். பகல் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருந்தாள்.

“இது சாதாரண தியேட்டர் இல்லப்பா. உக்காந்த எடத்துக்கே சாப்பாடு வரும். படம் பார்த்துக்கிட்டே சாப்பிடலாம்.”

“இருட்டுலயா?”

“ஆமா, இருட்டுலதான்.”

“வாய் எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்ங்க,” என்றாள் மனைவி. அவள் மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவள். டாக்டர்களின் கிறுக்கலையே படிக்கிறவளுக்கு இருட்டு ஒரு பொருட்டில்லை.

“சாப்பாடும் நான் முன்னாடியே சொல்லி வெச்சுட்டேன்,” என்றாள் மகள். “நீங்க போய் உக்காந்தா மட்டும் போதும். தானா வரும்.”

மனைவி இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். வேலைக்கு எடுத்துப் போகும் தோள்பையைத் துடைத்து, அதில் இருந்த சாப்பாட்டு டப்பாவை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கிளம்பினாள். விசில் வழக்கம்போலக் காட்சி தொடங்க இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போதே அவளை அரங்க வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

உள்ளே போனதும் அவருக்குத் தெம்பு கொஞ்சம் இறங்கியது. வரிசைக்குப் பன்னிரண்டு நாற்காலிதான். ஒவ்வொன்றும் பல் டாக்டரின் நாற்காலி போல இருந்தது. ஒவ்வொரு இரண்டு நாற்காலிக்கும் நடுவே முழங்கை அகலத்தில் ஒரு சின்ன மேசை. அவருக்கு எட்டாம் இருக்கை, மனைவிக்கு ஒன்பது. அவருக்கு இடப்புறம் ஒரு மேசை, வலப்புறம் ஒரு மேசை. எது தன்னுடையது என்று அவர் யோசிக்கவில்லை. இரண்டும் தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

கைப்பிடியில் நான்கு பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினார். கால் பக்கம் விருட்டென்று மேலே எழும்பி, தலைப்பக்கம் பின்னால் சாய்ந்து, ஆள் கிட்டத்தட்ட மல்லாந்துவிட்டார். பின்வரிசையில் ஓர் இளம் ஜோடி சிரிப்பை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். அவசரத்தில் அடுத்த பொத்தானை அழுத்தினார். நாற்காலி அசையவில்லை. ஆனால் மேசையின் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு நிமிடத்துக்குள் ஒரு பெண் வந்து அவர் அருகில் குந்தி உட்கார்ந்தாள்.

“கூப்பிட்டீங்களா சார்?”

நாற்பத்தைந்து வயதிருக்கும். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. மணிக்கட்டில் கடிகாரம் கட்டும் இடத்தில் ஒரு குட்டி விளக்கு.

“இல்ல. கை பட்டுடுச்சு.”

“பரவாயில்ல சார். மொதல் தடவை வர்றவங்க எல்லாருக்கும் படும்.” அவள் ஒரு பொத்தானைத் தொட, நாற்காலி மெதுவாக அவரை நிமிர்த்தி உட்காரவைத்தது. “இப்ப வசதியா இருக்கா?”

மொதல் தடவை என்ற சொல் அவருக்குச் சுருக்கென்றது. அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. தலையை மட்டும் ஆட்டினார். அவள் எழுந்தாள், ஆனால் நிமிரவில்லை. இடுப்பை மடித்து, தலையை நாற்காலிகளின் உயரத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு அப்படியே போனாள். திரையை யாருக்கும் மறைக்கக் கூடாதென்பதற்காக அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நடந்தார்கள். “முதுகு என்னத்துக்கு ஆகும்,” என்று மனைவி முணுமுணுத்தாள்.

விளக்குகள் அணைந்தன. படம் ஆரம்பித்த பிறகுதான் ஏழாம் இருக்கைக்கு ஒருவர் வந்தார். தனியாக வந்தவர், பெரிய உடம்பு. உட்கார்ந்ததும் பொத்தானை அழுத்தி வரவழைத்து, அதே பெண்ணிடம் கிசுகிசுவென்று சாப்பாட்டுக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவர் கைபேசி அதிர்ந்தது. பேசுவதற்காக எழுந்து, எல்லார் முழங்காலையும் இடித்துக்கொண்டு வெளியே போனார்.

அவர் வெளியே இருந்தபோது அந்தப் பெண் குனிந்தபடியே வந்தாள். விசிலின் இடப்புற மேசையில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்தாள். திரையில் பெரிய மழை பெய்துகொண்டிருந்த சத்தத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். அவர் காதில் விழவில்லை. தட்டில் வாட்டிய ரொட்டி, அதன் நடுவே கோழித் துண்டுகள், பக்கத்தில் வறுத்த உருளைக்கிழங்கு.

“வந்துடுச்சு பாரு,” என்றார் மனைவியிடம். “தானா வரும்னு சொன்னா இல்ல.”

“ஒண்ணுதான் வந்திருக்கு?”

“இன்னொண்ணு பின்னாடி வரும். மொதல்ல இதைச் சாப்பிடு.”

ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவளிடம் கொடுத்தார். உருளைக்கிழங்கு சூடாக இருந்தது. இருவரும் திரையைப் பார்த்தபடியே, ஒருவர் விரலில் ஒருவர் விரல் இடிக்க, தட்டைத் துடைத்தாற்போலக் காலி செய்தார்கள். கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒரே தட்டில் சாப்பிட்டதில்லை என்று மனைவி அவர் காதில் சொன்னாள். அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. காலித் தட்டு காலில் இடறாதபடி குனிந்து நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்தார்.

ஏழாம் இருக்கைக்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார். மேசையைத் தடவிப் பார்த்துவிட்டுக் காத்திருந்தார். கால் மணி நேரம் போயிருக்கும். அந்தப் பெண் மறுபடி வந்தாள். இந்த முறை கையில் இரண்டு தட்டுகள். விசிலுக்கும் மனைவிக்கும் நடுவே இருந்த வலப்புற மேசையில் இரண்டையும் வைத்து, மணிக்கட்டு விளக்கில் ஒரு சீட்டைப் பார்த்து, “எட்டு, ஒன்பது. உங்க பொண்ணு முன்கூட்டியே சொன்னது. கல்யாண நாள் வாழ்த்துகள் சார், வாழ்த்துகள்ம்மா,” என்றாள்.

தட்டுகளில் இருந்தது மீன். கோழி இல்லை.

விசில் காலியான இடப்புற மேசையைத் திரும்பிப் பார்த்தார். மனைவியும் புரிந்துகொண்டாள். இருட்டில் அவள் கை வந்து அவர் முழங்கையைப் பிடித்தது. “என்னங்க. அது அவரோடது.”

“தெரியுது.”

“சொல்லிடுங்க.”

சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் இன்னும் அங்கேயேதான் குந்தியிருந்தாள். ‘அம்மா, தெரியாம சாப்பிட்டுட்டோம், அவருக்கு இன்னொண்ணு கொண்டாங்க, எங்க கணக்குல’ என்று சொன்னால் முடிந்தது. நான்கு பேரும் சிரித்திருப்பார்கள். ஆனால் அவர் காதில் பின்வரிசை ஜோடியின் சிரிப்புதான் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து ஆளின் தட்டை எடுத்துத் தின்ற ஆள் என்று அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிப்பார்கள். மனைவியின் கையை அழுத்தினார். பேசாமல் இரு என்று அதற்கு அர்த்தம்.

அந்தப் பெண் எழுவதற்குள் ஏழாம் இருக்கைக்காரர் அவளைக் கூப்பிட்டார்.

“என்னோடது என்னம்மா ஆச்சு?”

“உங்களுக்கு அப்பவே வெச்சுட்டேனே சார்.”

“எங்க வெச்சீங்க?”

“இந்த மேசையிலதான். நீங்க எழுந்து போயிருந்தீங்க.”

“போயிட்டு வந்து பார்க்கறேன், ஒண்ணும் இல்ல. காலைலேருந்து சாப்பிடலம்மா. நேரா வேலைலேருந்து வர்றேன்.” அவர் குரலை உயர்த்தவில்லை. களைத்த குரல். “வெச்சதை நான் தின்னுட்டு இல்லைன்னு சொல்றேனா?”

“அப்படிச் சொல்லல சார். ஆனா நான் வெச்சேன்.”

முன்வரிசையில் ஒருவர் உஷ் என்றார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். காதில் ஒயர் மாட்டிய இளைஞர் ஒருவர் கையில் டார்ச்சோடு வரிசையின் ஓரத்தில் வந்து நின்றார். அரங்கின் மேற்பார்வையாளர். டார்ச்சின் வெளிச்சம் தரையில் விழுந்து, நாற்காலிக் கால்களைத் தடவிக்கொண்டே ஏழாம் இருக்கையை நோக்கி வந்தது.

அப்போதுதான் விசில் அதைச் செய்தார். யோசித்துச் செய்தேன் என்று அவராலேயே பின்னால் சொல்ல முடியவில்லை. குனிந்து நாற்காலிக்கடியில் கையை விட்டு, தட்டை எடுத்து, மனைவியின் காலடியில் வாய் திறந்து கிடந்த தோள்பைக்குள் செருகினார். உள்ளே எதிலோ பட்டு ‘டிங்’ என்றது. மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். திரை வெளிச்சத்தில் அவள் முகம் நீலமாகத் தெரிந்தது. இருபத்தைந்து வருடத்தில் அவளுடைய எத்தனையோ முகங்களை அவர் பார்த்திருக்கிறார். இது புதிது. யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது.

மேற்பார்வையாளர் நாற்காலிக்கடியில் டார்ச் அடித்தார். ஒன்றும் இல்லை. விசில் பக்கம் திரும்பி மரியாதையாகக் கேட்டார்.

“சார், மன்னிக்கணும். இந்த மேசையில தட்டு ஏதாவது வெச்சாங்களா? பார்த்தீங்களா?”

“இந்தப் பக்கம் ஒண்ணும் வரல,” என்றார் விசில்.

நிலையத்தில் ஓட்டுநர்களிடம் பேசுகிற அதே குரல். ஏற்ற இறக்கமில்லாத, கேட்டவர் நம்பியே ஆகவேண்டிய குரல். அது தன் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்ததுதான் அவருக்கே திகிலாக இருந்தது.

அந்தப் பெண் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். 

“நீங்க வெளிய வாங்க,” என்று மேற்பார்வையாளர் அவளிடம் சொன்னார். அவள் குனிந்தபடியே அவர் பின்னால் போனாள். வேறொரு ஆள் புதுத் தட்டு ஒன்றை ஏழாம் இருக்கைக்குக் கொண்டுவந்து வைத்தான். பெரிய உடம்புக்காரர் அவசர அவசரமாக நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, விசில் பக்கம் சாய்ந்தார்.

“மன்னிச்சுக்குங்க சார். உங்க படத்தையும் கெடுத்துட்டேன்.”

“பரவாயில்லைங்க,” என்றார் விசில். அதுவும் அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

மீன் ஆறிப்போனது. மனைவி அதைத் தொடவில்லை. அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். அதற்கு மேல் சாப்பிடவில்லை. படத்தில் யாரோ யாரையோ தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கடைசியில் கண்டுபிடித்தார்களா என்று கேட்டால் இன்றுவரை அவருக்குத் தெரியாது.

விளக்கு போட்டதும் எழுந்தார்கள். கதவருகே ஊழியர்கள் வரிசையாக நின்று எல்லாருக்கும் நன்றி சொன்னார்கள். அந்தப் பெண் அங்கே இல்லை. மனைவி தோள்பையை மாட்டிக்கொள்ளாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். திரும்பி வரும் பேருந்தில் ஓட்டுநர் அவரைப் பார்த்து, “என்ன விசில் சார், ஜோடியா?” என்று கேட்டார். சிரிக்கவேண்டியிருந்தது, சிரித்தார்.

வீட்டில் மகள் வாசலுக்கே வந்துவிட்டாள். “எப்படி இருந்துச்சு?”

“அப்பாகிட்ட கேளு,” என்று சொல்லிவிட்டு மனைவி சமையலறைக்குள் போனாள்.

“நல்லா இருந்துச்சும்மா,” என்றார் அவர்.

“சாப்பாடு?”

“நல்லா இருந்துச்சு.”

உள்ளே குழாய் ஓடும் சத்தம் கேட்டது. மனைவி அந்தத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி, துடைத்து, வீட்டுத் தட்டுகளோடு சேர்க்காமல் சன்னல் கட்டையில் தனியாக நிறுத்தி வைத்தாள். அடிப்பக்கம் அரங்கத்தின் பெயர் பொறித்திருந்தது. அன்று அவள் அவரிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான்.

“என் பையில வெச்சீங்களே.”

மறுநாள் காலையில் வேலைக்குப் போனார். ஒரு வண்டி ஆறு நிமிடம் தாமதமாக உள்ளே வந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து, வழியில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது என்றார். ‘கதை விடாதே, எழுதிக் குடு’ என்பதுதான் விசிலின் வழக்கமான பதில். ஓட்டுநரே அதை எதிர்பார்த்துப் பேனாவை எடுத்துவிட்டார். விசில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆள் பொய் சொல்கிறாரா, நிஜம் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்கத் தனக்குத் தெரியும் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தார். நேற்று ஓர் இளைஞர் இதேபோலத் தன் முகத்தைப் பார்த்து நம்பிவிட்டுப் போனார்.

“போங்க,” என்றார். ஓட்டுநர் போகாமல் நின்றார். “உடம்பு சரியில்லையா சார்?”

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். தட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனார்.

காட்சி ஆரம்பிக்க நேரம் இருந்தது. உள்ளே எல்லா விளக்குகளும் எரிந்தன. வெளிச்சத்தில் பார்த்தால் அந்த நாற்காலிகளில் எல்லாம் கறை. ஓர் ஆள் இடுக்குகளில் கையை விட்டு உருளைக்கிழங்குத் துணுக்குகளை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தான். மேற்பார்வையாளர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

“எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா சார்?”

விசில் செய்தித்தாளைப் பிரித்தார். சொன்னார். வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் உதவவில்லை. “அவர் தட்டை நான்தான் சாப்பிட்டேன். நான்தான் எடுத்து ஒளிச்சேன். ஒண்ணும் வரலன்னு சொன்னது பொய்,” என்று மூன்று துண்டாகத்தான் வந்தது.

மேற்பார்வையாளருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தட்டைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். சிரித்துவிடுவாரோ என்று இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

“விடுங்க சார். அது முடிஞ்சுபோச்சு.”

“அந்தம்மா?”

“உள்ளதான் இருக்காங்க. பாத்திரம் கழுவுற எடத்துல போட்டிருக்கு.” தயங்கினார். “மூணு புகார் வந்தா அரங்கத்துக்குள்ள விடக்கூடாதுன்னு விதி. அவங்களுக்கு இது மூணாவது.”

“இது புகாரே இல்லையே.”

“நேத்து அது எனக்குத் தெரியாதே சார்.”

 எழுதிக் கொடுத்தால் உதவுமா என்று விசில் கேட்டார். உதவலாம், மேலாளரிடம் காட்டுகிறேன் என்று மேற்பார்வையாளர் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் நின்றுகொண்டே எழுத ஆரம்பித்தார். எழுத்து அவருக்குப் பழகிய வேலை. கை தானாக ‘மேற்படி நபர்’ என்று தொடங்கியது. அதை அடித்துவிட்டு ‘நான்’ என்று போட்டார். அந்த ஒரு சொல்லை எழுதிய பிறகு அடுத்த சொல்லுக்கு வெகு நேரம் ஆனது. கடைசியில் கையெழுத்தும் கைபேசி எண்ணும் போட்டு, வேலை பார்க்கும் இடத்தையும் எழுதினார். அதை எழுதவேண்டிய அவசியமில்லை என்று மேற்பார்வையாளர் சொன்னார். இருக்கட்டும் என்றார்.

பாத்திரம் கழுவுமிடம் சமையலறைக்குப் பின்னால் இருந்தது. வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தது. அந்தப் பெண் முழங்கைவரை ரப்பர் உறை போட்டுக்கொண்டு, தொட்டியின் முன்னால் நின்றாள். இப்போது நிமிர்ந்து நின்றாள். அவர் நினைத்ததைவிட உயரமானவள்.

“அம்மா,” என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கையில் இருந்த தட்டைக் கழுவி முடித்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

“எட்டாம் நம்பர்.”

“நேத்து அந்தத் தட்டை நான்தான்…”

“தெரியும் சார்.”

அவருக்குப் புரியவில்லை.

“பைக்குள்ள போடும்போது சத்தம் கேட்டுச்சு. நாள் முழுக்க இந்தத் தட்டுகளோடதான் இருக்கேன். இந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?”

 “தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன ஆகும்? பையைத் திறங்கன்னு சொல்லணும். அது உங்க பை இல்ல, அவங்க பை. கல்யாண நாள்னு அப்பதானே வாழ்த்துச் சொன்னேன்.” அடுத்த தட்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். “அது மட்டும் இல்ல. திறக்க மாட்டேன்னு நீங்க சத்தம் போட்டிருந்தா, வாடிக்கையாளரைத் திருடன்னு சொன்னேன்னு நேத்தே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. இப்பக் கழுவுற வேலையாவது இருக்கு.”

“எழுதிக் குடுத்துட்டேன். எல்லாத்தையும் எழுதிட்டேன்.”

“நல்லது.”

“என்னை மன்னிச்சிடுங்கம்மா.”

அவள் குழாயை மூடினாள். திடீரென்று அந்த இடம் அமைதியாகிவிட்டது.

“நேத்து எங்க வீட்டுல கேட்டாங்க, என்ன தப்புப் பண்ணினன்னு. ஒண்ணும் பண்ணலன்னு சொன்னேன். ஒண்ணும் பண்ணாமலா இப்படிப் பண்ணுவாங்கன்னு கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.” அவள் அவரை நேராகப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. “நீங்க வந்தது சரிதான் சார். வராமலே இருக்கிறவங்கதான் அதிகம். ஆனா மன்னிப்பு வேற விஷயம். இப்ப ஆமான்னு சொன்னா, உங்களை அனுப்புறதுக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும். எனக்கு இன்னும் நூறு தட்டு கிடக்கு.”

குழாயை மறுபடி திறந்தாள்.

அன்று மாலை மனைவி வந்ததும், மகளையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்து ஆளின் சாப்பாட்டைத் தின்ற இடம் வந்தபோது மகள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பினூடே, “தானா வரும்னு நான்தானே சொன்னேன், என் தப்பு,” என்றாள். பைக்குள் தட்டை வைத்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண் தொட்டி முன்னால் நின்ற இடத்தைச் சொன்னபோது மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல உன் தப்பு ஒண்ணும் இல்லம்மா,” என்றார்.

“தெரியும்ப்பா.” தலையை நிமிர்த்தாமலே, “நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வாரம் ஒண்ணு நடந்துச்சு. உங்ககிட்ட சொல்லல,” என்றாள். “ஒரு பார்சல் தப்பான முகவரிக்குப் போயிடுச்சு. சீட்டு ஒட்டினது நான் இல்ல. ஆனா புதுசா வந்தது நான்தானே. எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேட்டாங்க. ஒட்டினவர் என் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தார். வாயைத் திறக்கல.”

“யாரு அது?” விசிலின் குரல் பழைய குரலாக எழும்பியது.

“விடுங்கப்பா. உங்க வயசுதான் இருக்கும். நல்ல மனுஷர். அதுக்கப்புறம் தினம் எனக்கு டீ வாங்கிக் குடுக்கறார்.”

மனைவி எழுந்து மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். விசில் எதிரில் உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வந்த ஆத்திரம் நெஞ்சுவரை ஏறி, போக இடமில்லாமல் அங்கேயே நின்றது. முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து, நிலையத்தில் மதிய வண்டிகளைக் கிளப்பிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அரங்கத்தின் மேற்பார்வையாளர்.

“சார், உங்க கடிதத்தை மேலாளர் பார்த்தார். அந்தப் புகாரை நீக்கியாச்சு. திங்கட்கிழமையிலேருந்து அவங்களை மறுபடி அரங்கத்துக்கே எடுத்துட்டோம்.”

விசில் பக்கத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். “ரொம்ப நன்றிங்க. அவங்க… ஏதாவது சொன்னாங்களா?”

 “இல்ல சார். அவங்க சொல்லச் சொல்லல. நானாத்தான் கூப்பிட்டேன்.”

“சரிங்க,” என்றார் விசில். “சரிதான்.”

கைபேசியைப் பையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு வண்டி புறப்படும் நேரம் தாண்டி நின்றது. ஓட்டுநர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, போகலாமா என்று கையால் கேட்டார். விசில், ஊதாமலே, போகலாம் என்று கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். வண்டி கிளம்பிப் போயிற்று.